பள்ளிக்கூடத்துக்கு ஒரு தாய்மாமன் சீர்

1

நியூசிலாந்துக்கு வந்து பத்து வருஷம் ஆன நாளை வீட்டில் சின்னதாகக் கொண்டாடினோம். பிரியாணி, கேசரி, பெரிய பாட்டிலில் ஆரஞ்சு கலர். மீந்த கலரை மறுநாள் காலையில் என் மனைவி மல்லிகா, மகள் இனியாவின் பள்ளிக்கூடப் பாட்டிலில் ஊற்றி அனுப்பினாள். இனியாவின் டீச்சர் அதை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு, பாட்டிலைக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டார். கூடவே என் போனுக்கு ஒரு தகவல் வந்தது: எங்கள் பள்ளியில் தண்ணீருக்கு மட்டுமே அனுமதி என்பதை அன்புடன் நினைவூட்டுகிறோம்.

'அன்புடன்' என்று போட்டுவிட்டுத் திட்டுவது இந்த ஊர்ப் பழக்கம். எனக்கு அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. நான் ஆக்லாந்தில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். ஏற்காடு மலைப்பாதையில் எஸ்டேட் ஜீப் ஓட்டிப் பழகிய கை, எத்தனை கோபத்திலும் ஸ்டீயரிங் ஆடாது. ஷிப்ட் முடிந்ததும் யூனிபார்மோடு நேரே பள்ளிக்கூடத்தில் போய் நின்றேன். வழியெல்லாம் இங்கிலீஷில் ஒத்திகை பார்த்திருந்தும், டீச்சரைப் பார்த்ததும் வாயில் வந்தது, "என் மகளின் கலரை நீங்கள் எப்படித் தூக்கி எறியலாம்?" என்பதுதான். டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. தோல் நிறத்தைச் சொல்கிறேன் என்று பதறிப்போய்த் தலைமை ஆசிரியரைக் கூப்பிடக் கிளம்பினார். இனியா குறுக்கே ஓடி வந்து, அப்பா ஜூஸைப் பற்றித்தான் பேசுகிறார் என்று விளக்கினாள். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கூச்சமாகிவிட்டது.

டீச்சர் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். இந்த விதி வருவதற்கு முன்னால், வகுப்பில் யாராவது ஒரு குழந்தை பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டே இருக்குமாம். மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்குவார்களாம். "ஐந்து வயதுக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்டார். நான் இனியாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். காரில் இனியா, "அப்பா, ரூல்னா ரூல்தானே, எதுக்குச் சண்டை?" என்றாள். அவளுக்கு விளக்க என்னிடம் தமிழும் போதவில்லை, இங்கிலீஷும் போதவில்லை. நீங்கள் ஊர்க்காரர்கள், உங்களுக்குச் சொன்னால் புரியும்.

2

எங்கள் ஊர் நாகலூர். ஏற்காடு டவுனிலிருந்து பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் காப்பித் தோட்டமாக வரும். அங்கே ஒருவர் வீட்டுக்குப் போனால் கலர் உடைத்துக் கொடுப்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து ஒரு ஆள் கடைக்கு ஓடும். கலர் வந்தால் உனக்கு மரியாதை இருக்கிறது என்று அர்த்தம். "வெறும் தண்ணியவா குடுத்து அனுப்பறது?" என்பது எங்கள் பக்கம் பெரிய குற்றச்சாட்டு. சம்பந்தமே முறிந்திருக்கிறது. டீச்சர் தொட்டியில் கவிழ்த்தபோது எனக்குச் சுருக்கென்றதற்குக் காரணம் அதுதான்.

அந்தக் காலத்துக் கலர் வருஷத்துக்கு நாலைந்து முறை வரும். வந்த விருந்தாளி குடித்து மீந்தால்தான் பிள்ளைகளுக்கு. இன்றைக்குப் பிஸ்கட் பாக்கெட் விலைக்குக் குட்டி பாட்டில் பள்ளிக்கூட வாசலிலேயே தொங்குகிறது. காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் அம்மாக்கள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் பல் கூசுகிற அளவுக்குச் சில்லென்று வரும், பிள்ளைகள் அதைத் தொடாது. அதனால் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலிலேயே கலரை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பாசத்தில் செய்கிற வேலைதான், அதில் சந்தேகமில்லை. மல்லிகா செய்ததும் அதுவேதான்.

3

இது நடந்து சில மாதம் கழித்து என் தங்கை தங்கமணி வீடியோவில் கூப்பிட்டாள். நாகலூரிலேயே கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஆரஞ்சும் காப்பியுமாக அவர்களுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் அவள்தான். எனக்கு வேலை முடிந்த சாயங்காலம், அவளுக்குக் காலை வேளை. அழுதுகொண்டே பேசினாள்.

"ஏனுங்ணா, யாழினிக்கு மேல் பல்லு நாலையும் எடுத்துட்டாங்க. சேலத்துல. சீழ் வச்சுப்போச்சாம். கன்னமெல்லாம் நொம்ப வீங்கிப் போயிருந்துச்சு."

யாழினி அவளுடைய ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. அவள் சிரித்தால் எனக்கு எங்கள் அம்மா ஞாபகம் வரும். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். வந்தாள். "மாமா" என்று சொல்லும்போதே கையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். பேசி முடிக்கிற வரைக்கும் அந்தக் கை இறங்கவில்லை.

"பால் பல்லுதான் கண்ணு, மறுபடி மொளைக்கும்" என்றேன்.

தங்கமணி போனை வாங்கிக்கொண்டாள். "அதத்தாண்ணா டாக்டரும் சொன்னாங்க. இது போனாப் போகுது, அடுத்து வர்றது ஆயுசுக்கும் இருக்கணும், கலரை நிறுத்துங்கன்னாங்க. நிறுத்திப்போடறன்னு சொல்லிட்டு வந்தேன். இங்க பாருங்க."

போனைத் திருப்பிக் காட்டினாள். சுவர் ஓரமாக ஆரஞ்சு, கறுப்பு, பச்சை என்று பாட்டில்கள் வரிசையாக நின்றன. பல் பிடுங்கிய பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஆளுக்கொரு கலர் பாட்டில் வாங்கி வந்திருக்கிறார்கள்! என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கண்ணா. இவளுக்கு மட்டும் நிறுத்துனா ஆகாது. கிளாஸ்ல பக்கத்துப் புள்ள குடிக்கறப்ப இவ பாத்துக்கிட்டா இருப்பா? பள்ளிக்கூடத்துக்குள்ளயே கலர் வரக்கூடாது. நான் உடப்போறதில்ல."

சின்ன வயசிலிருந்தே அவள் 'உடப்போறதில்ல' என்று சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்தது. நான் இனியாவின் பள்ளிக்கூடக் கதையை முழுசாகச் சொன்னேன். என் மானத்தைக் காற்றில் விட்ட கதையையும் சேர்த்து.

4

மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தங்கமணி பேசினாள். பள்ளிக்கூடத்துக்குள் கலர் வேண்டாம், பாட்டிலில் தண்ணீர் மட்டும்தான். எல்லாரும் தலையாட்டினார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் தீர்மானம் எழுதினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கும்போது அடுத்த பேச்சு வந்தது, கல்விச்சீர்.

நான் கிளம்பி வந்த காலத்தில் எங்கள் ஊரில் இந்தப் பழக்கம் இல்லை. இப்போது வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே மேளம் வைத்து, தாம்பாளம் ஏந்தி, கல்யாணச் சீர் மாதிரி பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டு போகிறது. நாற்காலி, பீரோ, மின்விசிறி, கரும்பலகை எல்லாம் ஊர்வலமாகப் போகும். நல்ல பழக்கம், யாரோ புண்ணியவான் யோசித்திருக்கிறார். இந்த வருஷம் டவுனில் லாட்ஜும் கலர் மொத்த வியாபாரமும் வைத்திருக்கும் பழனிச்சாமி அண்ணன், கண்ணாடிக் கதவு வைத்த பெரிய பிரிட்ஜ் ஒன்றும், அது நிறைய கலரும் தருவதாகச் சொல்லியிருந்தார். தீர்ந்தால் தீரத் தீர நிரப்புவாராம். அவருடைய தங்கச்சி மகள் தாரணி யாழினியோடு அதே வகுப்பில் படிக்கிறாள். மனுஷன் நல்லவர். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரே அவர் கட்டிக் கொடுத்ததுதான்.

எல்லாரும் கை தட்டினார்கள். தங்கமணி எழுந்து, இப்போதுதானே தீர்மானம் போட்டோம் என்றாள்.

"ஏம்மா, சீரைப் போய் வேண்டாங்கறதா?" என்று ஒரு பெரியவர் கேட்டாராம். சீரைத் திருப்பி அனுப்பினால் உறவு முறிந்தது என்று அர்த்தம். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாற்காலிகூட வராது.

"நேரா அவருகிட்டப் போய் வேண்டாம்னு சொல்லிடு" என்றேன் நான் போனில், நியூசிலாந்துக்காரனாக.

"உங்க ஊர்ல டீச்சர் கொட்டிப்போட்டுத் தண்ணி ஊத்திட்டாங்க. இங்க அப்படிக் கொட்ட முடியுமாண்ணா?" என்றாள். பிறகு, "யாழினி காதுகுத்துக்கு நீங்க கொண்டாந்தீங்களே ஒரு கவுனு, ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

எப்படி மறக்கும்? ஆக்லாந்தில் அளவு தெரியாமல் வாங்கியது. பிள்ளைக்குத் தொளதொளவென்று கணுக்கால் வரை இறங்கியது. ஆனாலும் தாய்மாமன் கொண்டு வந்ததைத்தான் முதலில் உடுத்த வேண்டும். ஊக்குக் குத்தி அதையே போட்டு மடியில் உட்கார வைத்தோம். மற்றவர்கள் கொண்டு வந்த பட்டுப் பாவாடையெல்லாம் பெட்டிக்குள் போனது.

"பட்டு வாங்கியாந்தவங்க ஆராச்சும் கோவிச்சுக்கிட்டாங்களா? இல்லதானே? தாய்மாமன் சீருக்கு முன்னால ஆரோட சீரும் ரெண்டாவதுதான். அப்ப பள்ளிக்கூடத்துக்கும் தாய்மாமன் வரட்டும். ஒவ்வொரு புள்ளைக்கும் அதோட மாமன் ஒரு சில்வர் பாட்டில் நிறையத் தண்ணியோட வரட்டும். அதத்தான் புள்ளைங்க மொதல்ல குடிக்கணும், தினமும் கொண்டாரணும். மத்ததெல்லாம் பெட்டிக்குள்ள போகட்டும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. "நீங்க கட்டாயம் வரோணும். மாமன் இல்லாம என்ற புள்ளைய நிக்க வெக்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

5

லீவு கேட்கப் போனேன். டிப்போவில் லீவுக்குக் காரணம் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். உடம்பு சரியில்லை, இறப்பு, பிரசவம், விடுமுறை என்று சில கட்டங்கள்தான் இருக்கின்றன. தாய்மாமன் என்றொரு கட்டத்தைக் காணோம். மேனேஜரிடம் போனேன். யார் இறந்தது என்று கேட்டார். யாரும் இல்லை, ஒரு சடங்கு என்றேன். யாருக்குக் கல்யாணம் என்றார். பள்ளிக்கூடத்துக்கு என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாயில் அகப்பட்ட இங்கிலீஷையெல்லாம் போட்டு விளக்கினேன். கடைசியில், "நீ போகாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி மகள் தனியாக நிற்பாள்" என்றேன். உடனே லீவு கொடுத்துவிட்டார்.

6

இனியாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மல்லிகாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்களும் தங்கமணியும் வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் பேசினோம். போன வீட்டிலெல்லாம் கலர் உடைத்தார்கள். இனியா, "நோ தேங்க்ஸ் ஆன்ட்டி, தண்ணி போதும்" என்பாள். அந்த அம்மாக்களின் முகம் வாடிவிடும். "எங்க ஊட்டுக் கலரு வெளிநாட்டுப் புள்ளைக்கு ஆவாதுங்களா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. தங்கமணி அசரவில்லை. "ஆருக்குமே ஆவாதுங்க்கா. அதச் சொல்லத்தான் வந்தோம்" என்று அங்கேயே பேச்சைத் தொடங்கினாள். யாழினி பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். அவளைப் பார்த்த பிறகு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அம்மாக்கள் செம்மநத்தம், டவுன், சேலம் என்று தங்கள் அண்ணன் தம்பிகளுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். அண்ணன் தம்பி இல்லாதவர்களுக்குப் பெரியப்பா மகன், சித்தி மகன் என்று முறைக்கு ஓர் ஆளைப் பிடித்தோம்.

சத்துணவுக் கூடத்தில் காலைச் சாப்பாட்டுக்கு எப்படியும் அடுப்பு எரிகிறது. அதிலேயே சீரகம் போட்டுத் தண்ணீர் காய்ச்சி வெதுவெதுப்பாக வைக்க ஹெட்மிஸ்ட்ரஸ் ஏற்பாடு செய்தார். பாட்டில் காலியானால் அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

கடைசியாகப் பழனிச்சாமி அண்ணனின் லாட்ஜுக்குப் போனோம். தாரணிக்குத் தாய்மாமனாக வர வேண்டும் என்று தங்கமணி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். அவர் விவரமான ஆள்.

"ஏம்மா தங்கம், என்னையச் சுத்தி வளைக்கறியா?"

"ஆமாங்கண்ணா. நேராச் சொன்னா உங்க மனசு நோகும். உங்க பிரிட்ஜு வரட்டும், நொம்ப சந்தோசம். உள்ள இருக்கறதுதான் வேண்டாம்."

அவர் முகம் இறுகிவிட்டது. "சீரு குடுக்கறவன் என்ன குடுக்கறதுன்னு நீ சொல்லித் தருவியா?" என்றார். தாம்பாளத்தை வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. மேஜைமேல் அப்படியே இருந்தது. நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸில் தங்கமணியிடம், வேண்டுமானால் சீரைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். "போங்கண்ணா" என்றாள்.

7

சீர் நாளன்று மேளம் முன்னால் போனது. அதன் பின்னால் மாமன்மார் வரிசை. தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர், டெம்போ டிரைவர், ஓட்டலில் பரோட்டா போடுகிறவர், நான். எல்லாரும் வெள்ளை வேட்டியில், கையில் பூச்சுற்றிய சில்வர் பாட்டிலோடு. எனக்குப் பக்கத்தில் வந்தவர் செம்மநத்தத்திலிருந்து விடியற்காலையில் நடந்தே வந்திருந்தார். அதற்குப் பின்னால்தான் நாற்காலியும் பீரோவும்.

வாசலில் பழனிச்சாமி அண்ணனின் டெம்போ ஏற்கெனவே நின்றிருந்தது. அதன்மேல் இருந்த பிரிட்ஜுக்கு மாலை போட்டிருந்தார்கள், பக்கத்தில் கலர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் வெறுங்கையோடு டெம்போவில் சாய்ந்து நின்றார்.

பிள்ளைகள் பெயரை ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிடக் கூப்பிட, அவரவர் மாமன் முன்னால் போய்ப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் புகட்டி, பாட்டிலைத் தோளில் மாட்டிவிட்டார். யாழினி முறை வந்தது. குடிப்பதற்கு வாயிலிருந்து கையை எடுத்தாக வேண்டுமே. எடுத்தாள். நான் அவளை மட்டும் பார்த்தேன், வேறு எங்கும் பார்க்கவில்லை.

அடுத்து தாரணி பெயர். யாரும் போகவில்லை. தாரணி திரும்பி வாசலைப் பார்த்தாள். அவளுக்கு உதடு பிதுங்கியது. தங்கமணி தயாராக வைத்திருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போய் நீட்டினாள்.

"எரவல் வாங்கியா மாமன் சீரு செய்யறது?" என்று சீறிவிட்டு, தன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டார். போய்விட்டார் என்றே நினைத்தோம். தங்கமணி பாட்டிலோடு அப்படியே நின்றாள். ஊரே அவளைப் பார்த்தது. மேளக்காரர்கூட அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் விழித்தார். இத்தனை பேர் முன்னால் என் தங்கை தோற்று நிற்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மோட்டார் சைக்கிள் சத்தம் திரும்பக் கேட்டது. கடைத்தெருவில் பாத்திரக் கடையைப் போய்த் திறக்கச் சொல்லியிருக்கிறார். குழாய் வைத்த பெரிய சில்வர் டிரம் ஒன்று பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கையில் தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டில், எங்கள் எல்லாருடைய பாட்டிலையும்விடப் பெரியது.

"ஏன் சாமி அழுவற? மாமன் வந்துட்டன்ல" என்று தாரணிக்குத் தண்ணீர் புகட்டினார். பிறகு டிரம்மைத் தட்டிக் காட்டி, "தாய்மாமன் சீருன்னா இப்படி இருக்கோணும்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். அவருடைய டெம்போ டிரைவர் கலர் பெட்டியில் கை வைத்ததும், "அத எறக்காதடா. பிரிட்ஜ மட்டும் எறக்கு" என்று அதட்டினார். தங்கமணி அழுதுவிட்டாள். மேளம் பிளந்துகட்டியது.

அந்த பிரிட்ஜில் இப்போது சத்துணவு முட்டையும் தயிரும் இருக்கின்றன. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த கலர் படத்தைச் சுரண்டி எடுக்க டீச்சர்கள் படாதபாடு பட்டார்களாம்.

8

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். வாசலுக்கு எதிர்க்கடையில் குட்டி பாட்டில் இன்னும் தொங்குகிறது. சாயங்காலம் வாங்குகிற பிள்ளைகள் வாங்கத்தான் செய்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் வருவதில்லை. தங்கமணி அடுத்து அந்தக் கடைக்காரரைக் குறி வைத்திருக்கிறாள். அவரும் யாருக்காவது தாய்மாமனாகத்தானே இருப்பார்.

ஆக்லாந்து திரும்பியதும் இனியா, "எனக்கு யாருப்பா தாய்மாமன்?" என்று கேட்டாள். ஆத்தூரில் இருக்கும் மல்லிகாவின் தம்பியைக் காட்டினேன். மறுநாளே வீடியோவில் கூப்பிட்டு, அவளுடைய உடைந்த தமிழில் உரிமையோடு பாட்டில் கேட்டாள். அவன் அனுப்பிய பாட்டில் அவள் பள்ளிக்கூட மேஜையில் இருக்கிறது. அவளுடைய டீச்சருக்கு அதன் கதை தெரியும். இனியாதான் சொல்லியிருக்கிறாள், நான் விளக்கியதைவிட நன்றாக.

போன வாரம் டிப்போவில் சாயங்கால டீ நேரம். செம்மநத்தம் பள்ளிக்கூடத்திலும் இந்த வருஷம் மாமன்மார் சீராம். நாகலூரிலிருந்து போய் முறை சொல்லிக் கொடுக்க வேண்டுமாம், நானும் வர வேண்டுமாம். லீவு கேட்க மேனேஜர் முன்னால் நின்றிருந்தபோது போன் அடித்தது. திறந்தால் திரை முழுக்க ஒரே வாய்தான் தெரிந்தது.

"மாமா, தெரியுதுங்களா? மேல பாருங்க, மேல!"

சிவந்த ஈறில் அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. போனைக் கிட்டே கொண்டு போனேன். முளைத்துவிட்டது. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். யாழினி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். கை எங்கேயும் போகவில்லை.

மேனேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை யாருக்குக் கல்யாணம்?" என்றார். நான் போனைத் திருப்பி அவரிடம் காட்டினேன்.